வியாழனுக்குத் துடக்கு

சந்தியிலை தன்ரை அம்மான்ரை படம் பெரிசாத் தொங்கிறதைக் கண்டதிலையிருந்து வியாழனுக்கு ஒண்டும் ஓடேல்லை. கறுப்புக் கரை போட்ட பனர். அதிலை மஞ்சள் சட்டையும் தலையிலை மஞ்சள் துணியுமா, வாய் நிறையச் சிரிச்சுக்கொண்டு அம்மா. சுத்திவரத் தமிழ் எழுத்து. பக்கத்திலை கோழித்தீன் விளம்பரம். கானாவிலை, குமாசி எண்ட ஊரிலை செத்த மனிசியை அரியாலைச் சந்தியிலை ஆர் கொண்டுவந்து கட்டினது, ஏன் கட்டினது? நேற்றுவரைக்கும் "என்ன வியாழன், எப்பிடிப் பாடு?" எண்டு கத்திக்கொண்டு போன சைக்கிள்காரர் எல்லாம் அவனைக் கண்டதும் தலையைக் குனிஞ்சுகொண்டு போச்சினம்.

அவன்ரை சொந்தப் பேர் யாவ் ஒவுசு. அவன்ரை ஆக்கள் பிறந்த கிழமையைப் பார்த்துத்தான் பிள்ளைக்கு முதல் பேர் வைப்பினமாம். வியாழக்கிழமை பிறந்த பெடியன் எண்டால் யாவ். இதை அவன் வந்த அண்டைக்கே பஞ்சலிங்கத்துக்குச் சொல்லிப்போட்டான். பஞ்சலிங்கம் ரயர் கடைக்காரர், வெண்சுடர் விளையாட்டுக் கழகத்தின்ரை செயலாளர். அந்தாள் ஒருக்கால் பேர் வைச்சால் பிறகு பிரம்மா வந்தாலும் மாத்தேலாது. "அப்ப நீ வியாழன்!" எண்டார். அதோடை யாவ் முடிஞ்சுது. கோல் அடிச்சால் "வியாழன் உச்சத்திலையடா!" எண்ணுவினம். பந்தை வெளியாலை உதைஞ்சால் "வியாழ மாற்றம் சரியில்லை" எண்ணுவினம். எங்கடை சனத்துக்குப் பகிடி விட ஒரு சாட்டுக் கிடைச்சால் விடுவினமோ?

வியாழன் உதைபந்து பழகினது அம்மான்ரை மீன் சட்டிக்குப் பக்கத்திலை. அம்மா மைதானத்துக் கோல் கம்பத்துக்குப் பின்னாலை இருந்து மீன் பொரிச்சு வித்த மனிசி. மகனுக்கு எதிரா விசில் ஊதின மத்தியஸ்தருக்கு ஒருக்கால் மீன் கழுவின தண்ணியைத் தலையோடை ஊத்தி, ஊரிலை பேர் எடுத்தவ. பெடியன் நல்லா வந்தான். குமாசியிலை ஒரு கழகத்திலை ரண்டு வருசம் அடிச்ச அடியைப் பார்த்து ஒரு ஏஜென்ற் வந்து, ஐரோப்பாவுக்குக் கூட்டிக்கொண்டு போறன் எண்டான். கொண்டுபோய் இறக்கினது வங்காளதேசத்திலை. அங்கை ஒரு வருசம் மாற்று ஆளா வாங்கிலை குந்தியிருந்தான். பிறகு மாலைதீவு, ஓங்கி அடிச்சால் பந்து கடலுக்கை. பிறகு கொழும்பு. அந்தக் கழகமும் கலைய, ஒரு மாதச் சுற்றுப்போட்டிக்கெண்டு யாழ்ப்பாணம் வந்தவன், வந்து நாலு வருசமாச்சு. அம்மா போனிலை ஒவ்வொருக்காலும் கேட்பா, "ஐரோப்பா வந்திட்டுதோ?" எண்டு. "போற வழியிலை நிக்கிறன் அம்மா" எண்டுதான் அவனும் சொல்லுவான். வழி முடியேல்லை, அவ முடிஞ்சு போனா.

அவன் இருக்கிறது உதயகலா வீட்டிலை. புருசனை இழந்த மனிசி. ஒரே மகன் நிருஷன் பாரிஸிலை. வெறும் அறை கிடக்கு, ஒரு ஆள் இருந்தால் வீட்டுக்கு ஒரு சத்தம் எண்டு கழகத்துக்குக் குடுத்தவ. முதல் கிழமை முழுக்க அவவுக்குக் குழப்பம். இவனுக்கு உறைப்புக் குடுக்கலாமோ, புட்டுச் சாப்பிடுவானோ எண்டு அயலெல்லாம் கேட்டுத் திரிஞ்சா. அவன் என்னெண்டால் இறால் குழம்பைக் கண்டிட்டுச் சட்டியோடை இருந்திட்டான். அவவை அவன் கூப்பிடுறது அன்ரி. அவன்ரை தமிழ் எல்லாம் மைதானத்திலையும் குசினியிலையும் பொறுக்கின தமிழ். "விடு, அடி, பின்னாலை ஆள், மச்சான் இஞ்சாலை", பிறகு "காணும், இன்னும் கொஞ்சம், நல்ல உறைப்பு". சாவைப் பற்றின ஒரு சொல்லும் அவனுக்கு ஆரும் சொல்லிக் குடுக்கேல்லை. ஏன் சொல்லிக் குடுக்கப் போகினம்?

செவ்வாய்க்கிழமை மத்தியானம் தங்கச்சி அபெனா போன் எடுத்தாள். விடியப்புறம் அம்மா எங்களை விட்டுப் போட்டா எண்டு அழுதாள். அழுது முடிய, ஐஸ் அறையிலை வைச்சாச்சு, குடும்பத்துப் பெரியவை கூடிக் கதைச்சாச்சு, மழை முடிய ஆவணியிலை ஒரு சனிக்கிழமை அடக்கம், நீ வந்தாத்தான் பெட்டி மூடலாம் எண்டாள். அவை அப்பிடித்தான். செத்தவரை மாதக்கணக்கிலை வைச்சு, உலகத்தின்ரை எந்த மூலையிலை கிடக்கிற பிள்ளையும் வந்து சேரும் வரைக்கும் பார்த்திருந்து, பிறகு ஊரைக் கூட்டிப் பெரிசா அனுப்பி வைப்பினம். வெளிநாட்டிலை இருக்கிற மகன் வராமல் விட்டால் அது அவனுக்கும் கேவலம், கிடக்கிற தாய்க்கும் கேவலம். போன் கட்டானதும் வியாழன் நிலத்திலை குந்தியிருந்து குழறினான். குசினியிலையிருந்து ஓடிவந்த உதயகலாவுக்கு விளங்கினது ஒண்டுதான், இவன்ரை தாய் செத்துப்போனா. மிச்சத்தை அவன் இங்கிலீசிலையும் தமிழிலையும் சொல்லச் சொல்ல அவவும் சேர்ந்து குழறினா. ஆர் என்னத்தைக் கேட்டது?

அண்டைக்குப் பின்னேரமே முத்தத்திலை கதிரை அடுக்கியாச்சு. ஆம்பிளையள் வந்து வந்து இருந்திச்சினம். ஒரு வணக்கம் இல்லை, ஒரு எப்பிடி இல்லை. கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்ப்பினம். பிறகு வெங்காய விலை கதைப்பினம். பிறகு எழும்பி, ஒரு வார்த்தையும் சொல்லாமல் படலையைத் திறந்துகொண்டு போவினம். வியாழன் இருந்து யோசிச்சான். இந்த ஊரிலை தேத்தண்ணி குடிக்க வந்தவன்கூட "போட்டு வாறன்" எண்டு மூண்டு தரம் சொல்லாமல் போகமாட்டான். இவை ஏன் என்னோடை கதைக்காமல் எழும்பிப் போகினம்? அரையிறுதியிலை பெனால்ரியை வானத்துக்கு அடிச்சதுக்கோ? அந்த ஆட்டம் வெண்டதுதானே!

குசினியிலை அடுப்பும் எரியேல்லை. அயல் வீடுகளிலையிருந்து சோறு வந்தது, பருப்பு வந்தது, கத்தரிக்காய் வந்தது. மீன் இல்லை. புதன்கிழமை இல்லை, வியாழக்கிழமையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஃபைனல் வைச்சுக்கொண்டு, கடலேரிக்குப் பக்கத்திலை இருந்துகொண்டு, ஒரு துண்டு மீன் தராத ஊரை அவன் கண்டதில்லை. அதை விடப் பெரிய குழப்பம் உதயகலா அன்ரி. பிள்ளையார் கோயில் திருவிழா நடக்குது, மேளச் சத்தம் வீட்டுக்குக் கேக்குது, வருசா வருசம் பட்டுச் சீலை கட்டிக்கொண்டு முன்னுக்குப் போற மனிசி, தேருக்குக்கூடப் போகாமல் வாசலிலை நிண்டு கையெடுத்துக் கும்பிட்டா. "ஏன் அன்ரி போகேல்லை?" எண்டு கேட்டான். "எப்பிடி மோனை போறது?" எண்டா அவ. அவனுக்கு அதுவும் விளங்கேல்லை.

எங்கடை ஆக்களுக்கு இது சொல்லத் தேவையில்லை. செத்தவீட்டுக்காரருக்குத் துடக்கு. முப்பத்தொராம் நாள் கழியும் வரைக்கும் கோயில் வாசலை மிதிக்கக் கூடாது. உள்ளபடி சொன்னால் துடக்கு இரத்த உறவுக்குத்தான், உதயகலாவுக்கு ஒரு துடக்கும் இல்லை. அதை ஆரோ கேட்டதுக்கு, "என்ரை கையாலை சாப்பிடுற பிள்ளைக்குத் துடக்கெண்டால் எனக்கும் துடக்குத்தான், உங்கடை வேலையைப் பாருங்கோ" எண்டு வெட்டிப் பேசிப்போட்டா.

வெள்ளிக்கிழமை பயிற்சிக்குப் போனால், அவன்ரை ஒன்பதாம் இலக்கச் சேர்ட்டை வேறை ஒருத்தன் போட்டுக்கொண்டு நிக்கிறான். வியாழன் நேரை பஞ்சலிங்கத்திட்டைப் போனான்.

"அண்ணை, நான் விளையாடேல்லையோ?"

"இல்லையடா தம்பி. நீ போய் வீட்டை இரு."

"பெனால்ரிக்கோ?"

"விசரே உனக்கு? என்ன பெனால்ரி? உனக்குத் துடக்கு!"

"எனக்குக் கால் நோவில்லை அண்ணை."

பஞ்சலிங்கம் தலையிலை கை வைச்சார். இதை எப்பிடி விளங்கப்படுத்திறது? "அம்மா செத்தது. கோயில் மைதானம். கூடாது. ஊர் வழமை" எண்டு துண்டு துண்டாச் சொன்னார். வியாழன் கொழும்புக் கோச்சை நினைப்பூட்டினான். ஃபைனல் பார்க்க அந்தக் கோச்சை மினக்கெட்டு வரச் சொன்னதே பஞ்சலிங்கம்தான். பிடிச்சால் அடுத்த வருசத்துக்கு ஒப்பந்தம், கையோடை முற்பணம். அந்த முற்பணம்தான் வியாழன் ஊருக்குப் போற ரிக்கெற். அவன்ரை கையிலை வேறை வழி இல்லை. "நான் விளையாடாட்டி அம்மாட்டைப் போகேலாது" எண்டு அழுவார் போலச் சொன்னான். பஞ்சலிங்கத்துக்கு அது பிடிபடேல்லை. தாய்தான் போட்டாவே, இனி ஆரிட்டைப் போறது? துக்கத்திலை பெடியனுக்கு மூளை கலங்கிப்போச்சு எண்டு நினைச்சு, தோளிலை தட்டி அனுப்பிவிட்டார். பாவம், அந்தாளுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

வீட்டை வந்த வியாழன் போனிலை சந்திப் பனரின்ரை படத்தை எடுத்துக் காட்டினான். "அன்ரி, இதிலை என்ன எழுதிக் கிடக்கு? எல்லாம் வாசியுங்கோ."

உதயகலா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிச்சா. கண்ணீர் அஞ்சலி. அமரத்துவம் அடைந்தார். அன்னாரின் பூதவுடல் புதன்கிழமை கானாவில் நல்லடக்கம் செய்யப்பட்டது.

"நல்லடக்கம் எண்டால்?"

"தாட்டாச்சு எண்டு மோனை."

"ஆர் தாட்டது?"

"அங்கத்தை ஆக்கள்தானே? செவ்வாய்க்கிழமை செத்தவவைப் புதன்கிழமை எடுத்திருப்பினம் எண்டு பஞ்சலிங்கம் போட்டிருக்கு."

"இல்லை அன்ரி! அம்மா ஐஸிலை. அம்மா இருக்கிறா. ஆவணியிலைதான்."

உதயகலா கண்ணாடியைக் கழட்டினா. "ஆவணி மட்டும் ஏன்?"

"நான் போகவேணும். நான் போறவரைக்கும் மூடமாட்டினம்."

"நீ போறவரைக்கும் வைச்சிருப்பினமோ?"

"ஓம்."

"எத்தினை நாளெண்டாலும்?"

"ஓம் அன்ரி. பிள்ளை வரவேணும்தானே?"

மனிசி அப்பிடியே கதிரையிலை இருந்திட்டா. அஞ்சு வருசத்துக்கு முதல் அவவின்ரை புருசன் சந்தையிலை விழுந்து செத்தபோது, நிருஷனுக்குப் பாரிஸிலை விசா இல்லை. வதிவிடக் கார்ட் இண்டைக்கு வரும், நாளைக்கு வரும் எண்டு இருந்தவன். "பத்து நாள் வைக்கேலாதோ அம்மா, ஒரு கிழமை வைக்கேலாதோ?" எண்டு போனிலை கெஞ்சினவன். பிணத்தை வைச்சுக்கொண்டு இருக்கிறதோ, ஊர் என்ன சொல்லும், அயலிலை அடுப்பு எரியாதே எண்டு அடுத்தநாளே எடுத்தாச்சு. பெத்த மகன் தகப்பனைக் கடைசியாப் பார்த்தது ஆரோ பிடிச்ச போனுக்குள்ளை. கொள்ளி வைக்கிற நேரம் பார்த்து அதுவும் நிண்டுபோச்சு. இப்ப கார்ட் இருக்கு, காசு இருக்கு, வா எண்டு கேட்டால் "ஆரைப் பார்க்க?" எண்டுறான். "நான் இருக்கிறன்தானேடா" எண்டு சொல்ல அவவுக்கு வாய் வராது.

அவ எழும்பி நேரை கோயிலடிக்குப் போனா. உள்ளுக்குப் போகேல்லை, மதிலுக்கு வெளியாலை நிண்டுகொண்டு தருமகர்த்தா ஆழ்வாப்பிள்ளையரைக் கூப்பிட்டா. பஞ்சலிங்கமும் ஓடிவந்தார். பெடியன் விளையாடினால்தான் தாயிட்டைப் போகலாம் எண்ட கதையைக் கேட்டதும் ஆழ்வாப்பிள்ளையர் துள்ளிப்போட்டார்.

"தாய் இன்னும் பிணமாக் கிடக்கிறாவோ? சிவ சிவா! அப்ப இன்னும் மோசமெல்லோ! பிணம் கிடக்கேக்கை பந்தடிக்கிறதோ?"

"எங்கை ஐயா கிடக்கு? உங்கடை வீதியிலையே கிடக்கு?" எண்டா உதயகலா.

"எடுத்த பிறகுதானே எட்டாம் நாள் செலவு, முப்பத்தொராம் நாள் அந்தியேட்டி எல்லாம்? எடுக்கேல்லை எண்டால் துடக்குத் தொடங்கேல்லையெல்லோ?" எண்டார் பஞ்சலிங்கம்.

"மூச்சு நிண்ட நேரத்திலையிருந்து துடக்கு! ஆரடா உனக்கு உந்தக் கணக்குச் சொன்னது?"

"அவன்ரை ஊரிலை துடக்கே இல்லையாம் ஐயா!"

"மைதானம் அவன்ரை ஊரிலையோ கிடக்கு?"

ஐயரைக் கேட்டினம். அவர் ஒண்டு சொன்னார், பிறகு யோசிச்சு வேறொண்டு சொன்னார். கடைசியிலை உதயகலாதான் கத்தினா: "எங்கடை பிள்ளையள் வர முதல் நாங்கள் எரிச்சுப்போட்டு இருக்கிறம். ஒரு தாய் பிள்ளைக்காண்டி ஐஸுக்கை பார்த்துக்கொண்டு கிடக்கிறா. அவளிட்டைப் போற வழியை மறிச்சுப்போட்டு நீங்கள் என்ன கும்பிடப் போறியள்?" ஆழ்வாப்பிள்ளையரின்ரை ரண்டு மகள்மாரும் கனடாவிலை.

பிறகு அவர் ஒரு தீர்ப்புச் சொன்னார், அப்பிடி ஒரு தீர்ப்பு எங்கடை ஊரிலை மட்டும்தான் வரும். மைதானத்தின்ரை மேற்குப் பாதி கோயில் காணி, தேர் ஓடுற வீதி. கிழக்குப் பாதி பிறகு கழகம் வாங்கினது. வியாழன் கிழக்குப் பாதியிலை விளையாடலாம். நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது.

வியாழனுக்கு இதை மூண்டு பேர் மூண்டு விதமா விளங்கப்படுத்திச்சினம். அவன் எல்லாத்துக்கும் "ஓமோம்" எண்டான். விளங்கினதோ எண்டு கேட்டதுக்கு, "இல்லை. ஆனால் தாண்டமாட்டன்" எண்டான்.

ஞாயிற்றுக்கிழமை உரும்பிராய் அணியோடை ஃபைனல். சனம் மதிலிலையும் வேம்பிலையும். கொழும்புக் கோச் கறுப்புக் கண்ணாடியோடை முன் கதிரையிலை. முதல் பாதியிலை வெண்சுடர் அடிக்கிற பக்கம் கிழக்கு, அதாலை பெரிய கரைச்சல் இல்லை. வியாழன் அங்கையே நிண்டு, கோர்னரிலையிருந்து வந்த பந்தைத் தலையாலை குத்திக் கோலுக்கை விட்டான். சனம் எழும்பி ஆடுது. கோச் பக்கத்திலை நிண்ட பஞ்சலிங்கத்திட்டைக் கேட்டார், "நல்லா அடிக்கிறான். ஏன் பின்னுக்கு வாறானில்லை? சோம்பலோ?" பஞ்சலிங்கம் பல்லைக் காட்டினார், வேறை என்ன செய்யிறது?

இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறினது. இப்ப கிழக்குப் பாதி வெண்சுடர் காக்கிற பக்கம். கோல் அடிக்கிறவன் தன்ரை கோலுக்கு முன்னாலை காவல். உரும்பிராய் அடிச்ச எல்லாத்தையும் நெஞ்சாலையும் நெத்தியாலையும் மறிச்சான். "இப்ப ஏன் முன்னுக்குப் போறானில்லை?" எண்டார் கோச். உரும்பிராய்ப் பெடியளுக்கும் தலை சுத்தினது. மத்தியஸ்தர்கூட ஒருக்கால் கிட்டப்போய், காலிலை ஏதும் பிரச்சினையோ எண்டு கேட்டார்.

முடியிற நேரம். உரும்பிராய் முழுக்க முன்னுக்கு ஏறி நிக்குது. வியாழன் பந்தைப் பறிச்சான். ஒருத்தனை வெட்டினான், ரண்டாவது ஆளை வெட்டினான். முன்னாலை ஒரு குருவி இல்லை. மேற்குப் பாதி முழுக்க வெறும் புல்லு, அந்தத் தொங்கலிலை தனிச்சு ஒரு கோல்காப்பாளர். கோச் கண்ணாடியைக் கழட்டிக்கொண்டு எழும்பிட்டார். வியாழன் ஓடினான், ஓடி வந்து, நடுக்கோட்டிலை நிண்டான்.

"ஓடடா! ஓடு! போடா போ!" எண்டு ஒரு குரல் கிழிய வந்தது. பார்த்தால் ஆழ்வாப்பிள்ளையர்! சால்வை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம், கதிரைக்கு மேலை ஏறி நிண்டு கத்துறார். வியாழன் அவரைப் பார்த்தான், கோட்டைப் பார்த்தான். தாண்டாதை எண்டு சொன்னதும் இந்த மனிசன், ஓடு எண்டு கத்துறதும் இந்த மனிசன். எதைக் கேக்கிறது? முந்தநாள் குடுத்த வாக்கையோ, இப்ப வாற சத்தத்தையோ? அவன் நிண்ட நிலையிலையே பின்னாலை வந்த உரும்பிராய்ப் பெடியன் பந்தைத் தட்டிக்கொண்டு போட்டான். கொஞ்சத்திலை விசில் ஊதினது. வெண்சுடர் வெண்டுட்டுது.

கோச்சுக்குப் பஞ்சலிங்கம் துடக்கை இங்கிலீசிலை விளங்கப்படுத்தினார், பிறகு தெரிஞ்ச சிங்களத்திலை. பாதி மைதானத்துக்குத் துடக்கு, மற்றப் பாதிக்கு இல்லை எண்டு கேட்டதும் அந்தாள் கழட்டின கறுப்புக் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "நல்ல பெடியன்தான். எனக்கு முழு மைதானமும் ஓடுற ஆள் வேணும்" எண்டு சொல்லிக்கொண்டு காரிலை ஏறினார்.

கிண்ணம் குடுக்கிற இடம் கோயில் பக்கம் எண்டபடியால் வியாழன் கிழக்குத் தொங்கலிலை தனிச்சு நிண்டான். அண்டைக்குப் பின்னேரம் ஆழ்வாப்பிள்ளையர் வந்து முத்தத்துக் கதிரையிலை கன நேரம் இருந்தார். வெங்காய விலைகூடக் கதைக்கேல்லை. கண்ணைத் துடைச்சார், எழும்பினார், சொல்லாமல் போனார். "இவரும் கோபமோ?" எண்டு வியாழன் கேட்டபோதுதான் உதயகலாவுக்கு உறைச்சது. "கோபமில்லை மோனை. செத்தவீட்டிலை 'போட்டு வாறன்' எண்டு சொல்லக் கூடாது. அந்தத் துக்கத்துக்குத் திரும்பி வாறன் எண்டு சொன்ன மாதிரி ஆகிப்போடும். அதுதான் எல்லாரும் சொல்லாமல் போனது." ஊர் தன்னை வெறுக்கேல்லை எண்டு விளங்க, கிழமை முழுக்க அடக்கி வைச்சதெல்லாம் சேர்த்து அவன் அழுதான்.

உதயகலா பாரிஸுக்குப் போன் எடுத்தா. தொடங்கினதிலையிருந்து எல்லாத்தையும் சொன்னா.

"அவை உண்மையாவே வைச்சிருக்கினமோ அம்மா?"

"ஓமடா."

"அவன் போய்ச் சேருமட்டும்?"

"ஓமாம்."

பிறகு மூக்கை உறிஞ்சிற சத்தம். "அவன்ரை பாஸ்போட்டைப் படம் எடுத்து அனுப்பணை. நான் ரிக்கெற் போடுறன். ஒருத்தனாவது போய்ப் பார்க்கட்டும்." அதோடை வைச்சிட்டான்.

ஆவணி பிறந்து, ஒரு காலமை வான் வந்து படலையிலை நிண்டது. பஞ்சலிங்கம் பையைத் தூக்கி ஏத்தினார். கழகம் குடுத்த கிண்ணமும் அதுக்கை, அம்மான்ரை பெட்டிக்கை வைக்கவாம். வியாழன் இப்ப விசயம் தெரிஞ்ச ஆள். செத்தவீட்டுக்குப் போறவன், சொல்லக் கூடாது. உதயகலாவைப் பார்க்காமல், ஒரு வார்த்தை கதைக்காமல், தலையைக் குனிஞ்சுகொண்டு படலையைத் தாண்டினான்.

"டேய் வியாழன்!" எண்டு பின்னாலை சத்தம் வந்தது. "உன்ரை வீட்டை விட்டுப் போகேக்கை ஏன்ரா ஊமையாப் போறாய்? இஞ்சை சொல்லிப்போட்டுப் போ. அங்கைதான் சொல்லாமல் வரவேணும்."

அவன் நிண்டு, திரும்பி வந்து, அவவின்ரை ரண்டு கையையும் பிடிச்சான்.

"போட்டு வாறன், அன்ரி."